காலை 11 மணிக்கு சிசேரியன், இரவு 10 மணியிலிருந்தே தண்ணீரை நிறுத்த வேண்டுமா?

கேள்வி: எனக்கு 38 வாரம் முடிந்துவிட்டது. முதல் குழந்தை சிசேரியன், இதுவும் சிசேரியன்தான் என்று முடிவாகி, அடுத்த வாரம் காலை 11 மணிக்கு நேரம் கொடுத்திருக்கிறார்கள். மயக்க மருந்து டாக்டரைப் பார்த்தபோது, "காலையில் தண்ணீர் குடிக்கலாம், இரண்டு மணி நேரத்துக்கு முன்னால் நிறுத்திக்கொள்ளுங்கள்" என்றார். ஆனால் போனில் பேசிய நர்ஸ், முந்தின நாள் இரவு 10 மணிக்கு மேல் பச்சைத் தண்ணீர்கூட வாயில் படக்கூடாது என்கிறார். அம்மாவும் அதையேதான் சொல்கிறார், ரொம்பப் பயப்படுகிறார். போன தடவை நாக்கெல்லாம் ஒட்டிக்கொண்டு, மண்டை வலி தாங்காமல், ஆபரேஷன் மேசையில் குமட்டிக்கொண்டே கிடந்தேன். யார் சொல்வதைக் கேட்பது? டிரிப்ஸ் போட்டால் தாகம் அடங்கிவிடாதா? எனக்குச் சர்க்கரை இல்லை, காலையில் தைராய்டு மாத்திரை மட்டும் எடுக்கிறேன். அன்று காலையில் பல் தேய்ப்பது, சூயிங்கம் மெல்வது எல்லாம் கூடுமா?

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

மயக்க மருந்து டாக்டர் சொன்னதைக் கேளுங்கள். சாப்பாட்டை முந்தின நாள் இரவோடு முடித்துக்கொள்ளுங்கள், தண்ணீரை நிறுத்தாதீர்கள். 11 மணிக்கு ஆபரேஷன் என்றால் காலை 9 மணி வரை தண்ணீர் குடிக்கலாம். குடிக்கலாம் என்றுகூட இல்லை, குடியுங்கள் என்றே சொல்வேன். ஆனால் நீங்களாகக் குடித்துவிட்டு நர்ஸிடம் மறைக்கிற வேலை மட்டும் வேண்டாம். அதற்கு முன்னால் ஒரு போன் செய்ய வேண்டும், என்ன கேட்க வேண்டும் என்பதைக் கீழே எழுதியிருக்கிறேன்.

உங்கள் அம்மாவின் பயத்தையும் நர்ஸின் கண்டிப்பையும் நான் தப்பு சொல்லமாட்டேன். அந்தப் பயத்துக்கு உண்மையான காரணம் இருக்கிறது. முழு மயக்கத்தில் இருக்கிறவருக்கு இருமல் வராது, விழுங்கவும் முடியாது. அந்த நேரத்தில் வயிற்றில் இருப்பது மேலே ஏறி வந்தால் நேராக மூச்சுக்குழாய்க்குள் இறங்கிவிடும். சாதாரணமாக நமக்குப் புரையேறினால் இருமித் தள்ளிவிடுகிறோம், மயக்கத்தில் அந்தக் காவல் இல்லை. நியூயார்க்கில் கர்டிஸ் மெண்டல்சன் என்ற மகப்பேறு மருத்துவர் 1946-இல் இதைப் பற்றி விரிவாக எழுதினார். 1932 முதல் 1945 வரை அவர் வேலை பார்த்த மருத்துவமனையில் 44,016 பிரசவங்கள், அவற்றில் 66 பேருக்கு வயிற்றில் இருந்தது நுரையீரலுக்குள் போயிருந்தது. இறந்தவர்கள் இரண்டு பேர். இரண்டு பேருமே திட உணவு மூச்சுக்குழாயை அடைத்து இறந்தவர்கள். முயல்களை வைத்தும் சோதித்துப் பார்த்தார். அமிலம் கலந்த திரவம் நுரையீரலை எப்படிப் புண்ணாக்குகிறது என்பது அதில் தெளிவானது. பிரசவ நேரத்தில் வாய் வழியாக எதுவும் கொடுக்காதீர்கள் என்று அவர் எழுதியது உலகம் முழுக்கப் பரவி, பிரசவத்துக்குப் போகிற பெண் என்றாலே பட்டினி என்றாகிவிட்டது.

ஆனால் அவர் பார்த்த பெண்கள் யார் என்பதைக் கவனிக்க வேண்டும். பிரசவ வலியில் மணிக்கணக்காகத் துடித்தவர்கள். முகத்தில் மாஸ்க் வைத்து ஈதர் மாதிரியான மருந்தை முகரவைத்து மயக்கம் கொடுத்த காலம் அது, மூச்சுக்குழாய்க்குள் குழாய் போட்டுப் பாதுகாக்கும் பழக்கம் பரவவில்லை. இன்று நாள் குறித்துச் செய்கிற சிசேரியனில் பெரும்பாலும் முதுகில்தான் ஊசி. நீங்கள் விழித்திருப்பீர்கள், பேசுவீர்கள், இருமல் வந்தால் இருமுவீர்கள். அப்படியானால் வெறும் வயிறு எதற்கு என்று கேட்கலாம். முதுகு ஊசி சரியாக வேலை செய்யாமல் போகலாம், எதிர்பாராமல் ரத்தப்போக்கு அதிகமாகலாம், அந்த நேரத்தில் முழு மயக்கத்துக்கு மாற வேண்டிவரும். அடிக்கடி நடப்பதில்லை, ஆனால் நடக்கும். அதற்காகத்தான் வயிறு காலியாக இருக்க வேண்டும் என்கிறோம். அதில் எனக்கும் மாற்றுக் கருத்து கிடையாது. வயிறு காலியாக இருக்கத் தண்ணீரையும் பத்துப் பன்னிரண்டு மணி நேரம் நிறுத்த வேண்டுமா என்பதுதான் விஷயம். வேண்டாம்.

ஏனென்றால் சாப்பாடும் தண்ணீரும் வயிற்றுக்கு ஒன்று அல்ல. திட உணவு உள்ளே போனதும் வயிறு அதை அரைக்க வேண்டும், ஒன்றிரண்டு மில்லிமீட்டர் துணுக்காகும் வரை அரைத்து, கூழாக்கி, கொஞ்சம் கொஞ்சமாகத்தான் குடலுக்குத் தள்ளும். அதில் எண்ணெயும் கொழுப்பும் இருந்தால் இன்னும் தாமதம். தண்ணீரில் அரைக்க என்ன இருக்கிறது? நேராகக் கீழே இறங்கிவிடும். நிறைமாதத்தில் இருக்கும், இன்னும் வலி எடுக்காத பெண்களுக்கு 300 மில்லி தண்ணீர் கொடுத்து அளந்து பார்த்தார்கள். 2002-இல் வெளியான ஆய்வு அது. பாதித் தண்ணீர் வயிற்றை விட்டு வெளியேற அரை மணி நேரம்கூட ஆகவில்லை, சராசரி 24 நிமிடம்தான். இன்னொன்றும் அதில் தெரிந்தது, 50 மில்லி குடித்தபோது பாதி காலியாக 33 நிமிடம் எடுத்தது. கொஞ்சமாகக் குடித்ததைவிட ஒரு தம்ளர் நிறையக் குடித்தது சீக்கிரம் போய்விட்டது. வயிறு கொஞ்சம் விரிந்தால்தான் அது தள்ளுகிற வேகமும் கூடும். ஆகவே இரண்டு மணி நேரம் என்பது தாராளமாகக் கணக்குப் போட்டு வைத்த இடைவெளி.

இன்னொரு விஷயம் பலருக்கும் தெரியாது. நாள் முழுக்கப் பட்டினி கிடந்தாலும் வயிறு உலர்ந்து போவதில்லை. வயிறு தன் பங்குக்கு அமிலத்தைச் சுரந்துகொண்டே இருக்கும், நாமும் எச்சிலை விழுங்கிக்கொண்டே இருக்கிறோம். அதனால்தான் இரவெல்லாம் தண்ணீர் இல்லாமல் கிடந்தவர் வயிற்றையும், இரண்டு மணி நேரம் முன்பு வரை தண்ணீர் குடித்தவர் வயிற்றையும் அளந்து பார்த்தபோது பெரிய வித்தியாசம் தெரியவில்லை. கூடுதலாகப் பத்து மணி நேரம் வறண்டு கிடந்ததில் வயிறு கூடுதலாகக் காலியாகவில்லை என்றால் அந்தப் பத்து மணி நேரக் கஷ்டம் எதற்கு? இதை நான் திரும்பத் திரும்பக் கேட்டுக்கொண்டிருக்கிறேன், இதுவரை யாரும் திருப்தியான பதில் சொல்லவில்லை.

"கர்ப்பிணிக்கு எல்லாமே மெதுவாகத்தானே ஜீரணம் ஆகும், அதனால் அவளுக்குக் கூடுதல் நேரம் வேண்டாமா" என்று உங்கள் அம்மா கேட்கலாம், நல்ல கேள்விதான். கர்ப்பத்தில் உணவுக்குழாயின் அடியில் உள்ள வால்வு தளர்கிறது. புரோஜெஸ்டிரோன் ஹார்மோன் ஒரு காரணம், கீழிருந்து கர்ப்பப்பை அழுத்துவது இன்னொரு காரணம். நெஞ்செரிச்சலும் எதுக்களிப்பும் அதனால்தான். ஆனால் வயிறு காலியாகிற வேகம் வலி எடுக்கும் வரை அப்படியே இருக்கிறது. வலி தொடங்கிய பிறகும், மார்ஃபின் வகை வலி மருந்துகள் கொடுத்த பிறகும்தான் அது தடுமாறும். உங்களுடையது வலிக்கு முன்பே நாள் குறித்துச் செய்கிற ஆபரேஷன், எனவே கணக்கு மற்றவர்களுக்கு உள்ளதுதான்.

மயக்க மருந்து மருத்துவர்களின் சங்கங்கள் வைத்திருக்கும் கணக்கும் இதேதான். அமெரிக்கச் சங்கத்தின் வழிகாட்டுதலில் தெளிந்த பானங்களுக்கு 2 மணி நேரம், லேசான சாப்பாட்டுக்கும் பாலுக்கும் 6 மணி நேரம், வறுத்தது, பொரித்தது, இறைச்சி என்றால் 8 மணி நேரமோ அதற்கு மேலோ. ஐரோப்பியச் சங்கம் 2011-இல் இன்னும் ஒரு படி மேலே போய், 2 மணி நேரம் முன்பு வரை குடிக்கச் சொல்லி ஊக்கப்படுத்துங்கள் என்றே எழுதியது, கர்ப்பிணிகளையும் சேர்த்துத்தான். ஸ்காட்லாந்தில் டண்டீ நகரத்து மருத்துவமனை ஒன்றில், தியேட்டருக்குக் கூப்பிடும் வரைக்கும் மணிக்கு ஒரு சிறு தம்ளர், அதாவது 170 மில்லி வரை, தண்ணீரைச் சப்பிச் சப்பிக் குடிக்கலாம் என்று வைத்தார்கள், அதைப் பார்த்து வேறு பல இடங்களிலும் ஆரம்பித்திருக்கிறார்கள். உங்கள் மருத்துவமனையில் அது இல்லையென்றால் நீங்களாகச் செய்யக் கூடாது, அங்கே உள்ளவர்கள் அதற்கேற்ற ஏற்பாட்டோடு செய்கிறார்கள். உங்களுக்கு இரண்டு மணி நேரக் கணக்கு போதும்.

போன தடவை உங்களுக்கு நடந்ததைப் பற்றிச் சொல்கிறேன், ஏனென்றால் "ஒரு நாள் பட்டினிதானே, பல்லைக் கடித்துக்கொள்" என்று சொல்வது எனக்குப் பிடிக்காது. இரவு 10 மணி என்று எழுதிவிட்டால் நடைமுறையில் அது 8 மணிச் சாப்பாட்டோடு குடித்த தண்ணீர்தான், அதற்கப்புறம் தூங்கிவிடுகிறோம். காலை 11 மணி ஆபரேஷன் மதியம் 1 மணிக்குத் தள்ளிப்போனால் 17 மணி நேரம் ஆகிவிட்டது. வயிற்றில் முழு வளர்ச்சியடைந்த குழந்தையோடு 17 மணி நேரம் தண்ணீர் இல்லாமல் யாராவது இருப்பார்களா? தலை வலிக்கத்தான் செய்யும், அதிலும் தினமும் காலையில் காபி, டீ பழக்கம் உள்ளவர் என்றால் கேட்கவே வேண்டாம். கையில் நரம்பு அமுங்கிப்போய் ஊசி குத்த இடம் கிடைக்காது, மூன்று இடத்தில் குத்தி நான்காவது இடத்தில் டிரிப்ஸ் ஏறும்.

முதுகில் ஊசி போட்டதும் என்ன நடக்கும் என்று முன்கூட்டியே தெரிந்தால் உங்களுக்குப் பயம் குறையும். ஊசி போட்டு உங்களைப் படுக்கவைத்த ஓரிரு நிமிடங்களில் கால்கள் சூடேறுவதுபோல் இருக்கும், அப்புறம் கனத்துப்போகும். கையில் கட்டியிருக்கும் பிரஷர் பட்டை நிமிடத்துக்கு ஒருமுறை இறுக்கிவிட்டுத் தளரும். கால்களில் உள்ள ரத்தக் குழாய்கள் விரிந்துகொடுப்பதால் பிரஷர் சட்டென்று இறங்கும் நேரம் அது. இறங்கினால் முதலில் தெரிவது குமட்டல்தான், கொட்டாவி வரும், காது அடைக்கும், "என்னமோ பண்ணுது டாக்டர்" என்பார்கள். அதைச் சொன்ன உடனே, பல சமயம் சொல்வதற்கு முன்பே, நாங்கள் பிரஷர் ஏற்றும் மருந்தைக் கொடுப்போம், டிரிப்ஸை வேகமாக விடுவோம், மேசையை இடது பக்கம் கொஞ்சம் சாய்த்து வைத்திருப்போம். தண்ணீர் குடித்துவிட்டு வந்தால் குமட்டலே வராது என்று உங்களுக்கு வாக்குறுதி கொடுக்கமாட்டேன், பிரஷரைக் காப்பாற்றுவது அந்த மருந்துதான். ஆனால் ஏற்கெனவே வறண்டு, தலைவலியோடு, தூக்கமும் இல்லாமல் வருகிறவருக்கு அந்த ஐந்து நிமிடம் ரொம்பக் கொடுமையாக இருக்கிறது, அது தேவையில்லாத கொடுமை. இந்தத் தடவை குமட்டல் வந்தால் அடக்கிக்கொண்டு கிடக்காதீர்கள், வாயைத் திறந்து சொல்லுங்கள். தலைமாட்டில் நிற்கிற மயக்க மருந்து டாக்டர் அதற்காகத்தான் நிற்கிறார்.

டிரிப்ஸ் போட்டால் தாகம் அடங்காதா என்று கேட்டிருக்கிறீர்கள். உடம்புக்கு நீர் சேரும், ஆனால் வாயும் தொண்டையும் நனையாது. ஒரு பாட்டில் ஏறிய பிறகும் நாக்கு ஒட்டிக்கொண்டு "ஒரு வாய் தண்ணீர்" என்று கேட்பவர்களைத் தினமும் பார்க்கிறேன். "அப்படியானால் தெம்புக்குக் குளுக்கோஸ் பாட்டிலாவது போடுங்கள்" என்று வீட்டார் கேட்பதும் உண்டு. குழந்தை பிறப்பதற்குச் சற்று முன்னால் தாய்க்குக் குளுக்கோஸை வேகமாக ஏற்றினால் அந்தச் சர்க்கரை குழந்தைக்கும் போகும், குழந்தை அதைச் சமாளிக்க இன்சுலினைச் சுரக்கும், தொப்புள்கொடியை வெட்டியதும் சர்க்கரை வரவு நின்றுபோகும் ஆனால் இன்சுலின் நிற்காது, பிறந்த குழந்தைக்குச் சர்க்கரை இறங்கிவிடும். அதனால்தான் தேவையில்லாமல் அதைப் போடுவதில்லை.

அடுத்தது எதையெல்லாம் குடிக்கலாம் என்பது, இதில்தான் வீட்டில் குழப்பம் வரும். தண்ணீர் முதல் இடம். பால் விடாத டீ, பால் விடாத காபி, சக்கை துளியும் இல்லாத ஆப்பிள் ஜூஸ், இவையும் தெளிந்த பானங்கள்தான். சந்தேகமாக இருந்தால் கண்ணாடித் தம்ளரில் ஊற்றி அச்சடித்த தாள் ஒன்றின் மேல் பிடியுங்கள், அந்தப் பக்கம் உள்ள எழுத்தைப் படிக்க முடிந்தால் அது தெளிந்த பானம், கலங்கலாகத் தெரிந்தால் அது வேண்டாம். பால் கணக்கில் சேராது. வயிற்றுக்குள் போனதும் பால் திரிந்து கட்டியாகிவிடும், வயிறு அதைச் சாப்பாடு மாதிரிதான் நடத்தும், அதற்கு 6 மணி நேரம். "டீயில் ஒரு சொட்டுப் பால்தானே" என்று ஆரம்பித்தால் அந்தச் சொட்டு எவ்வளவு என்பதில் ஆளாளுக்கு ஒரு கணக்கு, அன்று ஒரு நாள் பாலை விட்டுவிடுங்கள். ஆரஞ்சு ஜூஸ் மாதிரி சக்கை உள்ளது, சூப், மில்க் ஷேக், சத்து மாவு கரைத்தது எதுவும் கூடாது. திரவமாக இருப்பதெல்லாம் தண்ணீர் ஆகிவிடாது.

எவ்வளவு என்றால், காலையில் எழுந்ததும் ஒரு தம்ளர், 9 மணிக்குள் இன்னொரு தம்ளர், அது போதும். தாகம் எடுத்தால் கூடக் கொஞ்சம். "9 மணிக்கு மேல் கிடைக்காது" என்று கடைசி நிமிடத்தில் ஒரு பாட்டிலை மடக் மடக்கென்று குடிக்க வேண்டிய அவசியம் இல்லை. இரவில் விழித்துக்கொண்டால் அப்போதும் குடியுங்கள். முந்தின நாள் மாலையிலிருந்தே வழக்கம்போல் நன்றாகத் தண்ணீர் குடிப்பதுதான் உண்மையில் பெரிய உதவி, பலர் அதை மறந்துவிட்டு மறுநாள் காலையைப் பற்றி மட்டும் கவலைப்படுகிறார்கள். "சிறுநீர் முட்டிக்கொண்டு வந்தால்?" என்று தயங்க வேண்டாம், தியேட்டருக்குப் போகும் முன்னால் போய்விட்டு வரலாம், ஊசி போட்டு மரத்த பிறகு குழாய் போட்டுவிடுவார்கள்.

சில மருத்துவமனைகளில் மாவுச்சத்து கலந்த ஒரு தெளிந்த பானத்தை 2 மணி நேரம் முன்னால் குடிக்கக் கொடுப்பார்கள், சர்க்கரை நோய் இல்லாதவர்களுக்கு மட்டும். பசி மந்தமாகும், கொஞ்சம் தெம்பாக இருக்கும். கொடுத்தால் குடியுங்கள், கொடுக்காவிட்டால் ஏதோ இழந்துவிட்டதாக நினைக்க வேண்டாம்.

தைராய்டு மாத்திரையை வழக்கமான நேரத்தில் ஒரு வாய் தண்ணீரோடு போட்டுக்கொள்ளுங்கள், அதை நிறுத்தச் சொல்ல எந்தக் காரணமும் இல்லை. அமிலத்தைக் குறைக்கும் மாத்திரை ஒன்றை முந்தின இரவும் அன்று காலையும் போடச் சொல்லியிருந்தால் அதையும் தவறவிடாதீர்கள். நான் மேலே சொன்ன முயல் சோதனையிலிருந்து கற்ற பாடம் அது, வயிற்றில் இருப்பது எவ்வளவு என்பதோடு அதில் அமிலம் எவ்வளவு என்பதும் முக்கியம். தியேட்டருக்குப் போகும் முன் 30 மில்லி அளவில் சோடியம் சிட்ரேட் என்று ஒரு திரவத்தைக் குடிக்கக் கொடுப்பதும் உண்டு. புளிப்பும் உப்புமாக, குடிக்கும்போது முகம் கோணும். இவ்வளவு நேரம் எதுவும் கூடாது என்றவர்கள் இப்போது இதைக் கொடுக்கிறார்களே என்று குழம்பாமல் ஒரே மூச்சில் குடித்துவிடுங்கள், அது வயிற்றில் இருக்கும் அமிலத்தை முறிக்கிற மருந்து.

இனி நர்ஸ் ஏன் இரவு 10 மணி என்றார் என்பதற்கு வருகிறேன். நீங்கள் 11 மணி என்று நினைத்துக்கொண்டிருப்பீர்கள், அன்றைய பட்டியலில் உங்களுக்கு முன்னால் ஒருவருக்குக் காய்ச்சல் வந்து ஆபரேஷன் தள்ளிப்போனால் உங்களை 10 மணிக்கே கூப்பிடுவார்கள். நீங்கள் 9 மணிக்குத் தண்ணீர் குடித்திருந்தால் ஒரு மணி நேரம் தியேட்டர் சும்மா கிடக்கும். அந்தத் தலைவலியே வேண்டாம் என்று எல்லாருக்கும் ஒரே உத்தரவாக முந்தின இரவு என்று சொல்லிவிடுகிறார்கள். யாரைக் கேட்டாலும் ஒரே பதில், குழப்பம் இல்லை, நர்ஸுக்கும் எளிது. நிர்வாக வசதிக்காக வந்த உத்தரவு அது. ஒரு மணி நேரம் தியேட்டர் காத்திருப்பதா, வரிசையில் இருக்கிற எல்லாப் பெண்களும் பத்து மணி நேரம் வறண்டு கிடப்பதா என்றால் என் பதில் என்னவென்று உங்களுக்கே தெரியும்.

ஆகவே நாளைக்கே அந்த வார்டுக்குப் போன் போட்டு, நர்ஸோடு வாதாடாமல், இப்படிக் கேளுங்கள்: "மயக்க மருந்து டாக்டர் இரண்டு மணி நேரம் முன்பு வரை தண்ணீர் குடிக்கலாம் என்றார், அதை என் கேஸ் ஷீட்டில் எழுதியிருக்கிறாரா, இல்லையென்றால் அவரிடம் கேட்டு எழுதி வைக்க முடியுமா? எத்தனை மணியோடு நிறுத்த வேண்டும்?" எழுத்தில் இருந்துவிட்டால் அன்று காலை டியூட்டியில் யார் இருந்தாலும் பிரச்சினை வராது. உங்கள் நேரம் முன்னுக்கு வர வாய்ப்பு உண்டா என்றும் கேளுங்கள், உண்டென்றால் 9 மணிக்குப் பதிலாக 8 மணி என்று அவர்களே சொல்லலாம், அதை ஒப்புக்கொள்ளுங்கள். இதற்கு நேர்மாறாக, அன்று காலை அவசர கேஸ் வந்து உங்கள் நேரம் தள்ளிப்போனால் பேசாமல் படுத்திருக்காதீர்கள். "இன்னும் எவ்வளவு நேரம் ஆகும், இப்போது தண்ணீர் குடிக்கலாமா" என்று நீங்களே கேளுங்கள், அல்லது கூட இருப்பவரைக் கேட்கச் சொல்லுங்கள். அவசர கேஸுக்கு முதல் இடம் கொடுப்பது நியாயம், ஆனால் காத்திருப்பவருக்கு ஒரு தம்ளர் தண்ணீர் கொடுக்கலாம் என்று அந்தப் பரபரப்பில் யாருக்கும் தோன்றாமல் போய்விடுகிறது. கேட்டால் பெரும்பாலும் கொடுத்துவிடுவார்கள்.

இந்த இரண்டு மணி நேரக் கணக்கு எல்லாருக்கும் அப்படியே பொருந்தாது. நீங்கள் எழுதியதை வைத்து உங்களுக்குப் பொருந்தும் என்கிறேன், ஆனால் இதைப் படிக்கிற வேறு ஒருவர், பல வருடச் சர்க்கரை நோயால் வயிறு மெதுவாக இயங்குகிறவர், வயிறு நெஞ்சுப் பக்கம் ஏறியிருக்கும் ஹெர்னியா உள்ளவர், எடை குறைக்க வயிற்றில் ஆபரேஷன் செய்துகொண்டவர், முந்தின முறை மூச்சுக்குழாய்க்குள் குழாய் போடச் சிரமப்பட்டார்கள் என்று சொல்லப்பட்டவர், இவர்களெல்லாம் தங்கள் மயக்க மருந்து டாக்டர் தனியாகச் சொல்கிற கணக்கைத்தான் பின்பற்ற வேண்டும். இன்சுலின் போடுகிறவர்களுக்கு எவ்வளவு போடுவது, எதைக் குடிப்பது என்பதும் அவரவருக்குத் தனித்தனி. உங்களுக்கும் ஒரு நிபந்தனை இருக்கிறது. குறித்த நாளுக்கு முன்பே வலி எடுத்தாலோ, பனிக்குடம் உடைந்தாலோ, வாந்தி நிற்காமல் இருந்தாலோ, இந்தக் கணக்கெல்லாம் போய்விட்டது, எதையும் குடிக்காமல் உடனே மருத்துவமனைக்குப் போய் அவர்கள் சொல்வதைக் கேளுங்கள்.

அப்புறம் இந்த ஒரு விஷயத்தில் நான் கண்டிப்பாகத்தான் பேசுவேன். "கடைசியாக எப்போது சாப்பிட்டீர்கள், எப்போது குடித்தீர்கள்" என்று தியேட்டர் வாசலில் ஒருவர் கேட்பார், உள்ளே போனதும் இன்னொருவர் கேட்பார். உள்ளதை உள்ளபடி சொல்லுங்கள். 9:40-க்கு ஒரு வாய் குடித்திருந்தால் 9:40 என்றே சொல்லுங்கள். காலையில் பசி தாங்காமல் இரண்டு பிஸ்கெட் சாப்பிட்டுவிட்டாலும் சொல்லுங்கள், யாராவது திட்டினால் திட்டட்டும், ஆபரேஷன் சில மணி நேரம் தள்ளிப்போகும், அவ்வளவுதான். சந்தேகம் இருந்தால் இப்போதெல்லாம் வயிற்றின் மேல் ஸ்கேன் கருவியை வைத்து உள்ளே காலியாக இருக்கிறதா, திரவம் இருக்கிறதா, திட உணவு இருக்கிறதா என்று அங்கேயே பார்க்கிற வசதியும் பல இடங்களில் வந்திருக்கிறது. வயிற்றில் சாப்பாடு இருப்பது தெரிந்தால் அதற்கேற்ற மாதிரி நாங்கள் தயாராக இருப்போம். தெரியாமல் போவதுதான் ஆபத்து. பட்டினி போடுகிற உத்தரவு எவ்வளவு கடுமையாக இருக்கிறதோ அவ்வளவுக்கு ஆட்கள் மறைக்கவும் செய்கிறார்கள், நியாயமான உத்தரவு வேண்டும் என்று நான் சொல்வதற்கு இதுவும் ஒரு காரணம்.

அம்மாவிடம் இப்படிச் சொல்லிப் பாருங்கள்: சாப்பாட்டு விஷயத்தில் அவர் சொல்வது நூற்றுக்கு நூறு சரி, இரவு லேசாகச் சாப்பிட்டதோடு நிறுத்திக்கொள்கிறேன், தண்ணீருக்கு மட்டும் டாக்டரே நேரம் குறித்துக் கொடுத்திருக்கிறார் என்று. முடிந்தால் போன் பேசும்போது அவரையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு ஸ்பீக்கரில் போடுங்கள். அவர் பிள்ளை பெற்ற காலத்தில் அவருக்குச் சொல்லப்பட்டது அதுதான், இப்போது மாறியிருக்கிறது என்பதை நீங்கள் சொல்வதைவிட மருத்துவமனையில் இருந்து ஒரு குரல் சொன்னால் கேட்பார்.

ஆபரேஷன் முடிந்த பிறகும் இதே சண்டை வரும், அதற்கும் இப்போதே தயாராகுங்கள். முதுகில் ஊசி போட்டுச் செய்த சிசேரியன் சிக்கலில்லாமல் முடிந்து, குமட்டலும் இல்லையென்றால், ஒரு மணி நேரத்துக்குள்ளேயே சிறிது சிறிதாகத் தண்ணீர் குடிக்க ஆரம்பிக்கலாம் என்பதுதான் இப்போதைய நடைமுறை, அதற்கப்புறம் சில மணி நேரத்தில் லேசான சாப்பாடும் கொடுக்கலாம். குடல் சத்தம் கேட்கும் வரை, காற்று பிரியும் வரை ஒன்றும் கூடாது என்று காத்திருக்கத் தேவையில்லை. முதல் போன் பேசும்போதே இதையும் கேட்டுவிடுங்கள், "ஆபரேஷன் முடிந்து எவ்வளவு நேரத்தில் தண்ணீர் தருவீர்கள்" என்று.

பல் தேய்ப்பதற்கு எந்தத் தடையும் இல்லை, தேய்த்துவிட்டு வாயைக் கொப்பளித்துத் துப்பிவிடுங்கள், கொஞ்சம் விழுங்கிவிட்டோமே என்று பதற வேண்டாம். 9 மணிக்கு மேல் வாய் வறண்டால் திரும்பத் திரும்பக் கொப்பளிக்கலாம், உதட்டில் தடவ ஏதாவது வைத்துக்கொள்ளுங்கள். சூயிங்கம் அன்று காலையில் வேண்டாம். மறந்துபோய் மென்றுவிட்டால் துப்பிவிட்டு நர்ஸிடம் சொல்லுங்கள், அதற்காக ஆபரேஷனைத் தள்ளிவைக்க மாட்டார்கள், விழுங்கியிருந்தால் மட்டும் தவறாமல் சொல்ல வேண்டும். மிட்டாய் வேண்டாம், வாயில் கரைந்தாலும் அது சாப்பிட்ட கணக்கில்தான் வரும்.